இரண்டாவது பெஞ்சு வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கையும் இங்கே நலமாகத்தான் இருக்கிறோம், நலம் என்றால் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுக்கிறோம் என்கிற அளவில். கடல் காற்றும் இரும்புப் புகையுமாக இருக்கிற அந்த இடத்தில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, அந்த வறட்டு இருமல் விட்டதா என்று எழுது. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயந்துவிடாதே. என் வலது மணிக்கட்டு இன்னும் கட்டுப் போட்டபடிதான் இருக்கிறது, பேனாவைப் பிடித்தால் விரல் நடுங்குகிறது. நான் சொல்லச் சொல்லத் தங்கைதான் எழுதுகிறாள். என் வாயில் வருவதை அப்படியே எழுதாமல் கொஞ்சம் திருத்தி எழுது என்று சொல்லியிருக்கிறேன். படிப்பைப் பாதியில் விட்டவள் என்றாலும் அவள் எழுத்து என் எழுத்தைப் போலக் கோழி கிளறியது மாதிரி இருக்காது, நீ கண்ணைச் சுருக்காமல் படிக்கலாம். உன் கப்பல் பட்டறையில் வேலை செய்கிற எலெக்ட்ரீஷியன் லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறாராம், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், படித்ததும் நீ செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது.

போன வாரம் போனில் பேசியபோது, என் இடத்தில் பிஸ்கட் கம்பெனிக்கு இனிமேல் தங்கைதான் போகப் போகிறாள் என்று சொன்னதும், நீ உடனே, உன் பெஞ்சில் காலுக்கு முடியாதவர்கள் உட்காரட்டும், பஸ்ஸில் அவளுக்கும் ஒரு பெஞ்சு போட்டுவிடலாம், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் சும்மாதான் கிடக்கிறது, நம் ஊர் வெல்டிங் பட்டறைக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லைன் விட்டுவிட்டு வந்தது, உன் கூட்டாளிகள் பக்கத்தில் சிரிக்கிற சத்தம் கேட்டது, நீயும் ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாகப் பேசினாய், அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெஞ்சு வேண்டாம் தம்பி. ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியில் கத்துவாய், நான் மீதியை விழுங்கிவிடுவேன், அதனால் எழுதச் சொன்னேன். பொறுமையாகக் கடைசிவரை படி.

எனக்காக நீ போட்டுக்கொடுத்த முதல் பெஞ்சிலிருந்து தொடங்க வேண்டும். பேக்கிங் மேஜை முன்னால் ஷிஃப்ட் முழுக்க நின்றுவிட்டு, பஸ்ஸிலும் வீடு வரும்வரை நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான் படியேறியதைப் பார்த்துவிட்டுத்தானே அதைச் செய்தாய். ஊரை விட்டுப் போகிற அவசரத்திலும் பஸ்ஸின் பின்பக்க மூலையை அளந்து, நாலு காலையும் தரையோடு வெல்டிங் வைத்து, என் முதுகு சாய உருண்டைப் பைப்பில் சாய்மானமும் வைத்துக்கொடுத்தாய். இன்னும் இரண்டு பேர் உட்காரலாம் என்றதும் டிரைவரும் வாய் பேசாமல் தலையாட்டினார். பஸ்ஸில் அதற்குச் சிம்மாசனம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கண்டக்டரை உனக்குத் தெரியுமே, உள்ளேபோ என்றுதானே எல்லாரும் கூப்பிடுவோம். அவர் சொந்தப் பெயர் அவர் பெண்டாட்டிக்காவது தெரியுமோ என்னவோ. மூச்சு விட இடமில்லாத வண்டியிலும் "உள்ள போ, உள்ள போ, நடுவுல மைதானம் மாதிரி கெடக்கு" என்று கத்துகிற மனிதர், என்னைப் பார்த்தால் மட்டும் "ராணியம்மா வந்தாச்சு, இனி வண்டிய எடுக்கலாம்" என்பார். நான் மட்டும் அதில் உட்காரவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிகள், கால் வீங்கினவர்கள், காய்ச்சலோடு வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். எங்கள் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள் தினமும் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். யார் செய்தது இது என்று புதிதாக யாராவது கேட்டால் என் மகன் என்று சொல்லாமல் நான் விட்டதே இல்லை. எங்கள் தலைக்குப் பின்னால் கதவில் அவசர வழி என்று சிவப்பில் எழுதியிருந்தது. நாங்கள் எல்லாரும் எழுத்துத் தெரிந்தவர்கள்தான், ஆனால் முதுகுக்குப் பின்னால் இருப்பதை யார் படிக்கிறார்கள்.

வண்டி சாய்ந்துவிட்டது, கை சுளுக்கிக்கொண்டது என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். நடந்தது இதுதான். அன்றைக்கு விடியும்போதே நல்ல மழை. எங்கள் வண்டிக்கு முன்னால் போக வேண்டிய பஸ் வரவில்லை, அதனால் இரண்டு வண்டி ஆட்களும் ஒரே வண்டியில். படியில் தொங்கினவர்கள், பின் ஏணியில் நின்றவர்கள், மேலே மூட்டைகளோடு உட்கார்ந்தவர்கள் வேறு. எங்கள் வண்டி சும்மாவே இடுப்புப் பிடித்துக்கொண்டவளைப் போல இடது பக்கமாகச் சாய்ந்துதான் ஓடும். அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, நீயும் பார்த்திருப்பாய், வாய்க்கால் வளைவு வந்ததும் உள்ளேபோ இரண்டு விசில் கொடுப்பார், நாங்கள் எல்லாரும் ஒன்றாக வலது பக்கம் சாய்வோம். சிரித்துக்கொண்டே சாய்வோம், சிலர் வேண்டுமென்றே மேலே விழுவார்கள், திட்டு வாங்குவார்கள், வளைவு தாண்டியதும் அவரவர் பேச்சைத் தொடர்வோம். வண்டி கவிழாமல் நாம்தான் பிடித்து ஓட்டுகிறோம் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அன்றைக்கு இரண்டு விசில் கேட்டது. பழைய ஆட்கள் சாயப் பார்த்தோம். அந்த இன்னொரு வண்டி ஆட்களுக்கு அது என்னவென்றே தெரியாது, எதுக்கு இடிக்கிறீங்க என்று எங்களைத் திருப்பித் தள்ளினார்கள். எதிரே ஒரு லாரி. டிரைவர் ஓரம் கட்டினார், ஊறிப்போன மண் சரிந்தது, வண்டி சட்டென்று விழவில்லை, வயதானவர் தரையில் கையூன்றி உட்காருவதைப் போல மெதுவாக இடது பக்கமாக வாய்க்கால் கரையில் சாய்ந்து பாதி படுத்துக்கொண்டது. தொங்கினவர்கள் குதித்துத் தப்பிவிட்டார்கள், முன் படி, பின் படி இரண்டும் கரை மண்ணுக்குள், ஜன்னலிலெல்லாம் கம்பி.

முன்னால் புகை வந்தது. தீ என்று யாரோ சொன்னதும் அத்தனை பேரும் பின்பக்கம் பாய்ந்தார்கள். நானும் பெட்டி ஒட்டுகிறவளும் எழுந்து விலகப் பார்த்தோம், விலகுவதற்கு எங்கே இடம். கதவின் கைப்பிடி நீ வைத்த சாய்மானத்துக்குப் பின்னால் இருந்தது. இடுக்கில் கை போகிறது, பிடியைத் திருப்ப முடியவில்லை. சரி, பெஞ்சையே பிடுங்கிவிடலாம் என்று வாட்டசாட்டமான ஆட்கள் சேர்ந்து இழுத்தார்கள், காலால் உதைத்தார்கள், சாய்மானத்தில் தொங்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. நீ வைத்த வெல்டிங் தம்பி, அது எப்படி அசையும். உன் கை வைத்த இடம் வண்டியே உடைந்தாலும் உடையாது என்று பட்டறைக்காரர் ஊரெல்லாம் சொல்லுவாரே. ஒரு ஆள் அழுதுகொண்டே "எந்தப் பாவிடா இத இவ்ளோ உறுதியா வச்சது" என்றான். எப்போதும் கேட்பதற்கு முன்பே என் மகன் என்று சொல்லுகிற நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் வெளியே வந்தது எப்படித் தெரியுமா, டிரைவர் பக்கத்துக் கதவு வழியாக. அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிரைவர் முதலில் ஏறி, குனிந்து, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மேலே இழுத்தார். அவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி இருக்கிறது, அதில் காலை ஊன்றித்தான் எல்லாரும் ஏறினோம். அதைத்தான் நீ சும்மா கிடக்கிற இடம் என்கிறாய். அங்கே ஒரு பெஞ்சு இருந்திருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டும் தங்கை எழுதிக்கொண்டும் இருக்க மாட்டோம். கடைசியில் அது தீயும் இல்லை, ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து வந்த ஆவிதான். ஒருவரும் சாகவில்லை. அந்தக் கூட்டத்தின் பாரம் முழுக்க மேலே விழுந்து சாய்மானப் பைப்பில் நசுங்கியதில் பெட்டி ஒட்டுகிறவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது, இன்னும் வேலைக்கு வரவில்லை. பார்க்கப் போனேன். "அந்த சீட்டுல உக்காந்திருந்ததாலதான்க்கா நாம பொழைச்சோம், நின்னிருந்தா மிதிச்சே கொன்னிருப்பாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். அவள் பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

வண்டி பழுது பார்த்து, புதுப் பெயின்ட் அடித்துத் திரும்பி வந்தது. பெஞ்சு அப்படியே இருந்தது. லீவு சொல்லக் கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது, பையைத் தூக்கத் தங்கையை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எல்லாருக்கும் சந்தோஷம், சிம்மாசனம் காலியா இருக்கு வாங்க என்று வழி விட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை. உள்ளேபோவைக் கூப்பிட்டு இதை வெட்டி எடுத்துவிடுங்கள் என்றேன். "என்னக்கா வெளையாடுறீங்களா, ஒங்க புள்ள ஆசையா போட்டுக் குடுத்தது, நாளைக்கு அவன் வந்து நின்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பதில் சொல்றது" என்றார். அவர் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற அம்மா, அவர்களுக்கும் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு இருக்கிறது, "ஒனக்கு கால் வலிச்சப்ப சீட்டு இனிச்சது, இப்ப நீ வீட்டுல உக்காந்துக்கப் போற, நாங்க நின்னே சாகணுமா" என்று கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. இன்னொருத்தர், சீட்டை எடுத்தால் அதே இடத்தில் எட்டுப் பேர் நிற்பார்கள், கதவு எப்படியும் மறைந்துதான் இருக்கும், இதுக்கா இவ்வளவு பேச்சு என்றார். அதுவும் உண்மைதான். அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "ஆளுன்னா நகருவாங்க, பைப் நகராது" என்றது. வண்டியே திரும்பியது. சொன்னதைக் கேட்டு இல்லை, சொன்னது யார் என்று பார்க்க. கடையில் மீதிச் சில்லறையைக் கேட்கக்கூட வெட்கப்பட்டு வீட்டுக்கு வந்து என்னை அனுப்புகிற உன் தங்கைதான். "அட, இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வருமா" என்றார் உள்ளேபோ. சரிம்மா, வெட்டிடலாம், ஒங்கண்ணனுக்கு யாரு பதில் சொல்றது என்று கேட்டார். "நான் சொல்லிக்கிறேன்" என்றாள், அவ்வளவுதான், பிறகு கம்பெனிக்குப் போய்த் திரும்பி ஸ்டாண்டிலிருந்து வீடு வரும்வரை தரையைப் பார்த்தே நடந்தாள். இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, இதெல்லாம் எதுக்கும்மா என்கிறாள். நான் சொன்னதை எழுதுவதுதான் உன் வேலை என்று அதட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு நடந்து வரும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். அவளுக்குப் படிப்பு வரவில்லை என்று நீயும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம் அல்லவா, அப்படி இல்லை. இலவச பாஸ் வைத்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்தால் எந்த டிரைவரும் நிறுத்தத்தில் நிறுத்த மாட்டாராம், தள்ளிப் போய்த்தான் நிறுத்துவாராம். ஓடிப் போய் முண்டியடிக்கிறவர்கள் ஏறிக்கொள்வார்கள், இவள் ஓடுவாள், ஆனால் முண்டியடிக்க மாட்டாள். அடுத்த வண்டியிலும் அதே கதை. போய்ச் சேரும்போது வகுப்புத் தொடங்கியிருக்கும், டீச்சர் வெளியே நிற்க வைப்பார், மற்ற வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு போவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடம் முழுக்க. ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், சொன்னா நீ வேலைய விட்டுட்டு என்னை ஏத்திவிட வருவ என்கிறாள். அந்தப் பிள்ளையைத்தான் இனி தினமும் அதே கூட்டத்துக்குள் அனுப்பப் போகிறேன். என் கால் போய்விட்டது, பெஞ்சு இல்லாமல் நான் ஒரு நாள்கூடப் போய் வர முடியாது. இன்னும் ஒரு வண்டி ஓடினால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, கூடுதலாக ஒரு பஸ் விடுங்கள் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கும் வாய் வலித்துவிட்டது, கேட்கிறவர்களுக்கும் காது மரத்துவிட்டது.

பெஞ்சை வெட்டப் பட்டறைக்காரரே வந்தார். வெல்டிங்கைத் தடவிப் பார்த்துவிட்டு, இத வெட்ட எனக்குக் கை வரலம்மா என்று சொல்லிக்கொண்டேதான் வெட்டினார். வெட்டி இறக்கியதும் கதவைத் திறந்து பார்க்கலாம் என்று பிடியைத் திருப்பினால், தம்பி, அது திரும்பவே இல்லை. பல வருடத்துத் துரு, அதற்கு மேல் பூச்சுக்கு மேல் பூச்சாகப் பெயின்ட். உன் பெஞ்சு இல்லாமல் இருந்திருந்தாலும் அன்றைக்கு அந்தக் கதவு திறந்திருக்காது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதைப் படித்து உன் மனசு கொஞ்சம் லேசானால் லேசாகட்டும். ஆனால் அதனால் பெஞ்சு சரி என்று ஆகிவிடாது. நீ கெட்டது எதுவும் செய்யவில்லை, என் கால் வலியை மட்டும் பார்த்துச் செய்தாய், நானும் என் கால் வலியை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டறைக்காரர் எண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி, கடைசியில் தோளால் இடித்ததும் கதவு அலறிக்கொண்டு திறந்தது. வண்டியின் பின்பக்கம் அவ்வளவு வெளிச்சம் வந்து நான் பார்த்ததே இல்லை. தங்கையைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டும் திறக்கச் சொன்னேன், ஸ்டாண்டில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள், வெட்கத்தில் அவளுக்கு வியர்த்துக்கொட்டியது, ஆனாலும் திறந்தாள். இப்போது அந்த இடத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், சில நாள் மூட்டையும் ஏறிவிடுகிறதாம். "அந்த மூலைல மூட்டைய வைக்காதீங்கப்பா, ராணியம்மா பொண்ணு வந்து பைப்புன்னு ஆரம்பிச்சுடும்" என்று உள்ளேபோ கிண்டல் செய்கிறாராம். கிண்டலாகவாவது சொல்லட்டும்.

கூட்டிப் பெருக்குகிற அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ செய்ய வேண்டியது, இதைப் படித்ததும் பட்டறைக்காரருக்குப் போன் போட்டு இரண்டாவது பெஞ்சு வேண்டாம் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். "ஒங்க பேச்ச கேட்டு ஒண்ண வெட்டிட்டேன், அதுக்கே அவன்கிட்ட என்ன சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருக்கேன், இத அவன் சொன்னாத்தான் நிறுத்துவேன்" என்கிறார். மாதக் கடைசியில் வண்டி சர்வீஸுக்குப் போகும்போது பொருத்திவிடுவாராம். அதற்கு முன்னால் சொல்லிவிடு. தங்கை நின்றுகொண்டு போகட்டும். அவளுக்கு வயது இருக்கிறது, கால் இருக்கிறது. முதல் வண்டியில் இடம் இல்லை என்றால் ஏறாதே, கம்பெனியில் திட்டினால் திட்டு வாங்கிக்கொள், படியில் மட்டும் தொங்காதே என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அங்கே லாரியின் பின்னால் ஆடுமாடு மாதிரி நின்றுகொண்டுதான் வேலைக்குப் போகிறாய் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார். என்னிடம் கம்பெனி வண்டி என்று சொன்னாயே. பின்பக்கத் தட்டியை உள்ளேயிருந்து திறக்க முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்து வை. வெல்டிங் செய்யும்போது கண்ணாடி போட்டுக்கொள், இரும்பை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிட மறந்துவிடாதே. என் மேல் கோபம் வந்தால் என்மேலேயே வைத்துக்கொள், அந்தப் பிள்ளை மேல் காட்டாதே. எங்கே ஏறினாலும் பத்திரமாக இறங்க வேண்டும், அதற்கு மேல் உனக்கு வாழ்த்துச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நன்றாக இரு. பட்டறைக்காரருக்குப் பேச மறக்காதே. இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன், கோணலாக இருந்தாலும் நான்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா

அண்ணா, இது நான். அம்மா சொன்னதில் ஒன்றையும் விடாமல் எழுதிவிட்டேன், என்னைப் பற்றிச் சொன்னதையும். அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நேற்று நானே பட்டறைக்குப் போனேன், நிறுத்தச் சொல்லலாம் என்று. கிரைண்டர் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை, இன்னொரு தடவை கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, வாசலில் நின்றுவிட்டு வந்துவிட்டேன். பெஞ்சு தயாராகி வெளியே காய்ந்துகொண்டிருந்தது. பலகைக்கு நீலம் அடித்திருக்கிறார், நீதான் சொல்லியிருப்பாய். ரொம்ப நன்றாக இருந்தது அண்ணா, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ பேசும்போது அதை உடைக்கச் சொல்லாதே, வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல். சமையல் அறையில் அம்மா உட்கார ஒன்றும் இல்லை, நான் வேலைக்குப் போன பிறகு அவர்கள்தான் நின்றுகொண்டு சமைக்க வேண்டும்.